காதுக்குள் ஒரு மின்கலம்

1851ஆம் ஆண்டில் இரண்டு ஆராய்ச்சிகள் அச்சேறின. பிரஷ்யாவில் இருந்த ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ், உயிரோடிருக்கும் மனிதரின் கண்ணுக்குள் வெளிச்சம் பாய்ச்சி விழித்திரையைப் பார்க்கும் கருவியை அறிவித்தார். அதே ஆண்டு அல்ஃபோன்ஸோ கோர்ட்டி என்ற இத்தாலிய உடற்கூறியலாளர், இறந்த உயிர்களின் உட்செவியைப் பிரித்து நுண்ணோக்கியில் வைத்து, ஒலியை உணரும் உறுப்பின் அமைப்பை முதன்முதலாக விரிவாக எழுதினார். கண்ணின் உள்ளே உயிரோடு பார்க்கலாம், காதின் உள்ளே இறந்த பிறகே பார்க்கலாம். இந்த வேறுபாடு சர்க்கரை நோயின் வரலாற்றில் ஆழமான தடத்தைப் பதித்திருக்கிறது.

1850களின் நடுவில் வியன்னாவில் எட்வர்ட் யேகர் என்ற கண் மருத்துவர், சர்க்கரை நோயாளி ஒருவரின் விழித்திரையில் மஞ்சள் புள்ளிகளையும் ரத்தக் கசிவையும் கண்டு பதிவு செய்தார். 1857இல் ஜோர்டாவ் என்ற மருத்துவர், சர்க்கரை நோயாளி ஒருவருக்குக் கேட்கும் திறன் குறைந்திருந்ததை எழுதி வைத்தார். ஏறக்குறைய ஒரே காலத்தில் புறப்பட்ட இரண்டு குறிப்புகள். கண்ணைப் பற்றியது வளர்ந்து தனி மருத்துவத் துறையாகவே ஆகிவிட்டது. காதைப் பற்றியது நூற்றைம்பது ஆண்டுகள் சந்தேகத்திலேயே கிடந்தது. வயதானவர்களுக்குச் சர்க்கரையும் வரும், காதும் மந்தமாகும். இரண்டும் ஒன்றாக வருவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை தேட மருத்துவ உலகம் எடுத்துக்கொண்ட காலம் மிக நீண்டது. இன்றும் சுகருக்கு வைத்தியம் பார்க்கிற இடங்களில் கண்ணைப் பார்க்கிறார்கள், சிறுநீரில் புரதம் பார்க்கிறார்கள், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார்கள். காதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

காது அடைபட்டிருக்கும் இடம் அப்படி. செவிப்பறைக்கு அப்பால், நடுக்காதின் மூன்று குட்டி எலும்புகளுக்கும் அப்பால், பொட்டெலும்பின் உட்பகுதியில் இரண்டரைச் சுற்றுச் சுருண்ட குழாய் ஒன்று இருக்கிறது. காக்லியா எனப்படும் நத்தைச்சுருள் அதுதான். சுருளைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் நீளம். அதைச் சூழ்ந்த எலும்பு மனித உடலின் மிக அடர்த்தியான எலும்புகளில் ஒன்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த எலும்புக்கூடுகளிலிருந்து டிஎன்ஏ எடுக்க விரும்பும் ஆய்வாளர்கள் முதலில் நாடுவது இந்த எலும்பைத்தான். அவ்வளவு கெட்டியான பாதுகாப்பு. உயிரோடிருப்பவரின் நத்தைச்சுருளிலிருந்து ஒரு துளி திசுவைக் கிள்ளி எடுத்துச் சோதிக்க முடியாது. எடுத்தால் அந்தக் காது போய்விடும்.

நத்தைச்சுருளின் நடு அறையில் நிரம்பியிருக்கும் திரவம் விசித்திரமானது. உடலில் செல்களுக்கு வெளியே இருக்கும் திரவங்களில் பொதுவாகச் சோடியம் அதிகம், பொட்டாசியம் குறைவு. இங்கே தலைகீழ். பொட்டாசியம் ததும்புகிறது, சோடியம் சொற்பம். அதோடு இந்தத் திரவம் ஏறக்குறைய 80 மில்லிவோல்ட் நேர்மின்னழுத்தத்தில் எப்போதும் நிற்கிறது. நாம் தூங்கும்போதும் நிற்கிறது. உடலின் வேறெந்தத் திரவத்திலும் இவ்வளவு உயர்ந்த நிலையான நேர்மின்னழுத்தம் கிடையாது.

எதற்காக இந்த மின்னழுத்தம்? நத்தைச்சுருளில் உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசைகளில் சுமார் 12,000 முடிச்செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் நுண்ணிய இழைகள். ஒலி வந்து அசைக்கும்போது இழைகள் சாய்கின்றன, அவற்றிலுள்ள கதவுகள் திறக்கின்றன, வெளியே ததும்பி நிற்கும் பொட்டாசியம் உள்ளே பாய்கிறது. முடிச்செல்லின் உட்புறம் எதிர்மின்னழுத்தத்தில் இருப்பதால், இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 150 மில்லிவோல்ட் விசையோடு மின்னோட்டம் பாய்கிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இந்தக் கதவுகள் திறந்து மூடுகின்றன. காது கேட்கக்கூடிய மிக மெல்லிய ஓசையில் இந்த அசைவு ஓர் அணுவின் பருமனை நெருங்கும் அளவுக்குச் சிறியது. அந்தச் சிறு அசைவையே முழுச் செய்தியாக மாற்ற அந்த மின்னழுத்தம் வேண்டும்.

அதைத் தருவது நத்தைச்சுருளின் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு மெல்லிய பட்டை. மருத்துவர்கள் அதை ஸ்ட்ரையா வாஸ்குலாரிஸ் என்பார்கள். டார்ச் விளக்கின் பேட்டரி பல்புக்குத் தள்ளி வேறிடத்தில் இருப்பதுபோல், காதின் மின்கலம் முடிச்செல்களுக்குத் தள்ளி இந்தப் பக்கச் சுவரில் இருக்கிறது. முடிச்செல்களுக்கு நடுவே ரத்தக்குழாய்கள் ஓடுவதில்லை. ரத்தம் துடிக்கும் ஓசையே நமக்குக் கேட்டுவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு என்று உடலியங்கியலாளர்கள் விளக்குகிறார்கள். பக்கச் சுவரின் பட்டையிலோ தந்துகிகள் பின்னிப் பின்னி நிறைந்திருக்கின்றன. உடலில் இதைப் போன்ற மேல்தோல் திசுக்களுக்குள் ரத்தக்குழாய் ஊடுருவி ஓடுவது அபூர்வம், இங்கே ஓடுகிறது. பொட்டாசியத்தை இடைவிடாமல் இறைத்துக்கொண்டே இருக்கும் வேலைக்கு அவ்வளவு ஆக்சிஜனும் குளுக்கோஸும் தேவைப்படுகின்றன. சோதனை விலங்குகளில் மூச்சை நிறுத்தி ஆக்சிஜனைத் தடுத்தால், சில நிமிடங்களுக்குள் அந்த 80 மில்லிவோல்ட் சரிந்துவிடுகிறது.

இத்தனை பசியுள்ள உறுப்புக்கு ரத்தம் வரும் வழி ஒன்றே ஒன்று. மூளைக்குப் பின்புறம் போகும் ரத்தக்குழாயிலிருந்து பிரியும் ஒரு நூலிழைத் தமனி. அது அடைபட்டால் மாற்று வழி இல்லை.

சர்க்கரை நோய் இங்கே நுழையும்போது என்ன நடக்கும் என்பதை இனி ஊகிக்கலாம். ரத்தத்தில் சர்க்கரை நீண்ட காலம் உயர்ந்து நிற்கும்போது முதலில் அடி வாங்குபவை தந்துகிகளின் உட்சுவர்ச் செல்கள். தசைச் செல்கள் இன்சுலின் சொன்னால்தான் குளுக்கோஸை உள்ளே விடும். தந்துகிச் சுவரின் செல்களுக்கு அந்தக் காவல் இல்லை. ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் உள்ளே புகுந்துவிடும். உள்ளே போன மிகைச் சர்க்கரை, செல்லை அரிக்கும் ஆக்சிஜன் சேர்மங்களைக் கிளப்பிவிடுகிறது. புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை விறைக்கச் செய்கிறது. சுவர் தடிக்கிறது, அதே நேரம் கசியவும் செய்கிறது. விழித்திரையில் இதை மருத்துவர் கண்ணால் காண்கிறார். சிறுநீரகத்தில் இது சிறுநீரில் புரதமாக வெளிப்படுகிறது. காதில் எதுவும் வெளியே வருவதில்லை.

ஆகவே கோர்ட்டியின் வழியிலேயே போக வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இறந்தவர்களின் பொட்டெலும்புகளைப் பதப்படுத்தி, மெல்லிய சீவல்களாக வெட்டி வைத்திருக்கும் சேகரம் ஒன்று உண்டு. சர்க்கரை நோயோடு வாழ்ந்தவர்களின் காதுகளையும் அந்நோய் இல்லாதவர்களின் காதுகளையும் அங்கே ஒப்பிட்டுப் பார்த்து 2005, 2006 ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார்கள். முதல் வகை நோயிலும் சரி, இரண்டாம் வகையிலும் சரி, மின்கலப் பட்டையின் ரத்தக்குழாய்ச் சுவர்கள் தடித்திருந்தன. பட்டையே மெலிந்து சுருங்கியிருந்தது. சுருளின் அடிச்சுற்றில் வெளிவரிசை முடிச்செல்கள் குறைந்திருந்தன. தம் எலும்பை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டுப் போன அந்தப் பெயர் தெரியாத மனிதர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

உயிரோடிருப்பவர்களின் கணக்கு 2008இல் வந்தது. அமெரிக்காவில் கேத்லீன் பெய்ன்பிரிட்ஜும் அவரது குழுவினரும் 1999 முதல் 2004 வரை நடந்த தேசிய உடல்நல ஆய்வின் தரவுகளை எடுத்துக்கொண்டார்கள். 20 முதல் 69 வயது வரையிலான 5,140 பேருக்குக் காது சோதிக்கப்பட்டிருந்தது. தாழ்ந்த, நடுத்தர அதிர்வெண் ஒலிகளில் கேட்புக் குறைபாடு சர்க்கரை நோயாளிகளில் 21 சதவீதம், மற்றவர்களில் 9 சதவீதம். உயர் அதிர்வெண்களில் 54 சதவீதம், 32 சதவீதம். வயது, வேலையிடச் சத்தம், காதைக் கெடுக்கும் மருந்துகள், புகைப்பழக்கம், வருமானம் எல்லாவற்றுக்கும் ஈடு செய்து பார்த்த பிறகும் ஏறக்குறைய இரு மடங்கு வேறுபாடு நின்றது. சர்க்கரை நோய் வருவதற்கு முந்தைய நிலையில் இருந்தவர்களிடமும் 30 சதவீதம் கூடுதலாக இருந்தது.

வயதுதான் காரணம் என்ற பழைய சந்தேகத்துக்கு எனக்குத் தெரிந்து மிக நல்ல பதில் 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பதின்மூன்று ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. சராசரி வயது அறுபதும் அதற்குக் குறைவாகவும் இருந்த குழுக்களில் சர்க்கரை நோயோடு கேட்புக் குறைவு சேர்ந்திருக்கும் வாய்ப்பு 2.61 மடங்கு, அறுபதைத் தாண்டிய குழுக்களில் 1.58 மடங்கு. வயது மட்டுமே காரணமாக இருந்தால் இளையவர்களில் இந்தப் பிணைப்பு மறைந்திருக்க வேண்டும். மாறாக அங்கேதான் அது வலுவாகத் தெரிகிறது. முதுமையில் எல்லோருக்குமே காது மங்குவதால் நோயின் தனிப்பங்கு கூட்டத்தில் கலந்துவிடுகிறது. நாற்பது வயதில் அது தனித்துத் தெரிகிறது. இவையெல்லாம் மக்கள்தொகையில் கண்ட பிணைப்புகள். ஒருவருடைய காது மந்தத்துக்குச் சர்க்கரைதான் காரணம் என்று தனியாகச் சுட்டிக்காட்ட இன்றைய எந்தச் சோதனையாலும் முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காதும் சர்க்கரையும் எவ்வளவு நெருக்கமாகக் கட்டுண்டவை என்பதை அறிய வேறொரு வழியும் உண்டு. 1992இல் நெதர்லாந்தில் ஒரு குடும்பத்தை மரபியலாளர்கள் ஆராய்ந்தார்கள். அந்தக் குடும்பத்தில் பலருக்குச் சர்க்கரை நோய், கூடவே காது கேளாமை. நோய் தாய் வழியாக மட்டுமே இறங்கியது. தந்தைக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரவில்லை. இந்த வகையில் இறங்கும் மரபுப் பொருள் ஒன்றே ஒன்று: செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் டிஎன்ஏ. அது 16,569 எழுத்துகள் கொண்ட சிறு வளையம். அதில் 3,243ஆவது இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அடினின் இருக்க வேண்டிய இடத்தில் குவானின். அவ்வளவுதான்.

அந்த ஓர் எழுத்து மாறினால் மைட்டோகாண்ட்ரியா தனக்கு வேண்டிய புரதங்களைச் சரியாகக் கோக்க முடியாமல் போகிறது. ஆற்றல் உற்பத்தி தளர்கிறது. உடலெங்கும் மைட்டோகாண்ட்ரியா இருந்தும், இந்தக் குறை முதலில் வெளிப்படும் உறுப்புகளில் முன்வரிசையில் நிற்பவை இரண்டு. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று ஓயாமல் அளந்து இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்கள் ஒன்று. ஓயாமல் பொட்டாசியத்தை இறைக்கும் உட்செவி மற்றொன்று. பெரும்பாலும் காது முதலில் மங்குகிறது, சில ஆண்டுகள் கழித்துச் சர்க்கரை தலைகாட்டுகிறது. இங்கே சர்க்கரை காதைக் கெடுக்கவில்லை. இரண்டுக்கும் பொதுவான ஆற்றல் பஞ்சம் இரண்டையும் கெடுக்கிறது. சர்க்கரை நோயாளிகளில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இந்த மரபு வகை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஒல்லியான உடல்வாகு, நடுவயதுக்கு முன்பே காது மந்தம், அம்மாவுக்கும் தாய்வழி உறவினர்களுக்கும் இவை இரண்டும் உண்டு என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். இவர்களுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைத் தவிர்ப்பதே வழக்கம். மைட்டோகாண்ட்ரியா தளர்ந்த உடலில் லாக்டிக் அமிலம் சேர்ந்துவிடும் அபாயம் இருக்கிறது. காதைப் பற்றிக் கேட்கும் ஒரு கேள்வி சர்க்கரை மாத்திரையையே மாற்றிவிடக்கூடும்.

சரி, பாதிக்கப்பட்டவருக்கு என்னதான் கேட்கிறது? நத்தைச்சுருளின் அடிச்சுற்று உயர்ந்த ஒலிகளுக்கு, உச்சி தாழ்ந்த ஒலிகளுக்கு. அடிச்சுற்று முதலில் தேய்வதால் உயிரெழுத்துகள் நன்றாகக் கேட்கும். அவற்றின் வலுவெல்லாம் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. வல்லெழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் ஒலிக்கீற்றுகளோ பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மிக மெல்லியதாக வருபவை. கடை, தடை, படை, சடை எல்லாம் ஒன்றுபோல் விழும். பேச்சு கேட்கிறது, சொல் பிடிபடவில்லை. அமைதியான அறையில் எதிரே உட்கார்ந்து பேசினால் உதட்டைப் பார்த்தும் இடம்பொருள் தெரிந்தும் ஈடுகட்டிவிடுவார். மிக்ஸி ஓடும் சமையலறையில், கல்யாண மண்டபத்தில், பேருந்தில் முடியாது.

இதனால்தான் வீட்டில் மனத்தாங்கல் வருகிறது. “கூப்பிட்டா காதுல விழுது, வேலை சொன்னா மட்டும் விழாதா உங்களுக்கு?” என்று மனைவி கேட்கிறார். வேண்டுமென்றே கேளாததுபோல் இருக்கிறார் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சத்தமாகப் பேசினால், “ஏன் கத்தறே?” என்று அவர் சீறுகிறார். அவர் சொல்வதும் உண்மை. வெளிவரிசை முடிச்செல்கள் மெல்லிய ஒலிகளைப் பெருக்கிக் கொடுப்பவை. உரத்த ஒலிக்கு அவற்றின் உதவி வேண்டாம். அவை அழிந்த காதில் மெல்லியது கேட்காது, உரத்தது முழுப் பலத்தோடு வந்து மோதும். இடையிலிருந்த இதமான வெளி சுருங்கிப்போகிறது. இதை அறியாமல் எத்தனை பெரியவர்கள் பிடிவாதக்காரர் என்ற பெயரோடு கூடத்தின் ஓரத்தில் தனியே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

அந்த வெளிவரிசைச் செல்கள் ஒலியைப் பெருக்கத் தாமே நீண்டு சுருங்கி ஆடுகின்றன. அந்த ஆட்டத்தில் பிறக்கும் ஒலி மிக மெல்லியதாகக் காதுக்கு வெளியே கசிகிறது. 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் அதை ஒலிவாங்கி வைத்துப் பிடித்துக் காட்டினார். காது கேட்கவும் செய்கிறது, ஒலிக்கவும் செய்கிறது. பச்சிளங்குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று இன்று மகப்பேறு மருத்துவமனைகளில் சோதிப்பது பெரும்பாலும் இந்த எதிரொலியை வைத்துத்தான். சர்க்கரை நோயாளிகளிடம் செய்த பல ஆய்வுகளில், வழக்கமான கேட்புச் சோதனையில் எல்லாம் சரியாக இருக்கும்போதே இந்த எதிரொலி பலவீனப்பட்டிருந்தது. நோயாளி உணர்வதற்கு முன்பே காது தன் தளர்ச்சியைத் தெரிவித்துவிடுகிறது.

உட்செவியின் இன்னொரு பாதி உடலின் சமநிலையைக் காப்பது. அதற்கும் ரத்தம் அதே ஒற்றைத் தமனி வழியாகத்தான் வருகிறது. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாற்பது வயதைக் கடந்த சர்க்கரை நோயாளிகளுக்குச் சமநிலைக் கோளாறு 70 சதவீதம் கூடுதல் வாய்ப்போடு காணப்பட்டது. பாதத்தில் மதமதப்பு, கண்ணில் மங்கல், காதில் தடுமாற்றம் மூன்றும் சேர்ந்தவர் இருட்டில் கழிவறைக்குப் போகும்போது விழுவதில் வியப்பில்லை.

இது நம் ஊரில் சிலருக்கு மட்டுமான விஷயம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் முந்தைய நிலையில். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதத்தினருக்கு நோய் இருக்கிறது. 1948இலேயே சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று மருத்துவர் எம். விஸ்வநாதன் தனிப்பிரிவு தொடங்கிய மாநிலம் இது. கண்ணுக்கும் காலுக்கும் ஆண்டுச் சோதனையைப் பழக்கப்படுத்தியவர்களால் காதையும் அதில் சேர்க்க முடியும். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் சர்க்கரை நோய் தெரிந்ததும் ஒரு முறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை கேட்புச் சோதனை செய்துகொள்ளச் சொல்கிறது. அரைமணி நேர வேலை, ஊசி கிடையாது, வலி கிடையாது.

போன முடிச்செல் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. பறவைகளுக்கு முளைக்கிறது, நமக்கு இல்லை. ஆகவே மிச்சமிருப்பதைக் காப்பதே வேலை. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதோடு, மருந்துகளிலும் கவனம் வேண்டும். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி ஊசிகள் முடிச்செல்களைக் கொல்லக்கூடியவை. சிறுநீர் பிரிவதற்குக் கொடுக்கும் ஃபுரோசமைடு, நரம்பு வழியாக அதிக அளவில் வேகமாக ஏற்றினால் காதை மந்தமாக்கலாம். சிறுநீரகத்தில் அது தடுக்கும் உப்புக்குழாய்ப் புரதத்தின் நெருங்கிய உறவுப் புரதம் ஒன்று காதின் மின்கலத்திலும் இருக்கிறது. உயிர் காக்க இவை தேவைப்படும் நேரங்கள் உண்டு. அப்போது சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து அளவைத் தீர்மானிப்பார்கள்.

காதுக்குள் எண்ணெய் விடுவது, கோழி இறகு, சேஃப்டி பின், பட்ஸ் கொண்டு குடைவது, இவற்றைச் சர்க்கரை உள்ளவர்கள் விட்டுவிட வேண்டும். காதுக்குழாயின் தோலில் ஏற்படும் சின்னக் கீறலில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியேறினால், சர்க்கரை கட்டுக்குள் இல்லாத முதியவர்களுக்கு அது தோலைத் தாண்டி மண்டையோட்டின் அடி எலும்பு வரை அரித்துக்கொண்டு போகலாம். இரவில் தூங்கவிடாத காதுவலி, சீழ், முகம் ஒரு பக்கம் கோணுதல் இவை தெரிந்தால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும்.

அதே அவசரம் இன்னொன்றுக்கும் உண்டு. காலையில் எழும்போது ஒரு காது திடீரென்று கேட்கவில்லை என்றால் பலர் அழுக்கு அடைத்திருக்கிறது, சளி பிடித்திருக்கிறது என்று வாரக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். உட்செவி திடீரென்று செயலிழந்திருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. நாள் போகப் போக மீளும் வாய்ப்பு தேய்கிறது. ஸ்டீராய்டு மாத்திரை ரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதால் சுகர் உள்ளவர்கள் அதைக் கேட்டதுமே பின்வாங்குகிறார்கள். பின்வாங்கத் தேவையில்லை. அந்த நாட்களில் மட்டும் இன்சுலின் அளவைக் கூட்டிச் சமாளிக்கலாம். அல்லது காதை மரக்கச் செய்து, செவிப்பறை வழியாக மெல்லிய ஊசியில் நடுக்காதுக்குள்ளேயே மருந்தைச் செலுத்தலாம். அங்கிருந்து அது உட்செவிக்குள் ஊறி இறங்கும், ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாது.